எம்.எஸ். நோயில் பி செல்களுக்கு என்ன பங்கு?

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) பரம்பரை நோயா, எதிர்ப்புச் சக்திக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கலந்தது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் எதிர்ப்பணுக்களே அரித்துவிடுகின்றன. எச்.எல்.ஏ. டி.ஆர்.15 என்ற மரபணு வகை இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு. ஆனால் பயப்படாதீர்கள், அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

சரி, இந்த எதிர்ப்பணுக்களில் யார் குற்றவாளி? டி செல், பி செல் இரண்டுமே நோயை எதிர்க்கும் வெள்ளையணு வகைகள். எல்லோரும் டி செல்களையே சொன்ன காலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் நரம்பியல் மருத்துவர் ஸ்டீபன் ஹவுசர், எம்.எஸ். போன்ற நோய் கண்ட மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளின் மூளைப் புண்களை ஆராய்ந்து பி செல்களைக் கைகாட்டினார். பலர் நம்பவில்லை. 2008இல் வெளியான சோதனையில், பி செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்தைப் பெற்ற எம்.எஸ். நோயாளிகளுக்கு, போலி மருந்து பெற்றவர்களைவிட, ஸ்கேனில் தெரியும் அழற்சிப் புண்கள் 91% குறைவாக இருந்தன! அப்புறம் 2017இல், அதேபோல் பி செல்களை அழிக்கும் ஓக்ரிலிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் எம்.எஸ். வகைக்கும் அது அனுமதிக்கப்பட்டது; அந்த வகைக்கு அதுவரை அங்கே ஒரு மருந்துகூட அங்கீகரிக்கப்பட்டிருக்கவில்லை.