உதைக்கிற ரைஃபிளுக்கு எவ்வளவு எடை வேணும்? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில, தான்சானியாவுல அருஷா பக்கம் நான் கணக்கு வேலை பார்த்த காலத்துல வேட்டைக்கு கூட போன கதைய நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த தான் கேக்குது, பெரிய போர், அதாவது குழல் துளை பெருசா இருக்கிற ரைஃபிள், சுடும்போது தோள்ல பயங்கரமா உதைக்குமே, அத லேசா வாங்கணுமா கனமா வாங்கணுமான்னு. அதனால இந்த மாசம் வேற கேள்வி எதுவும் எடுக்கல.

தேவகோட்டை வாசகர்: அண்ணே, என் தம்பி டார் எஸ் சலாம்ல வேலை பாக்குறான். அடுத்த வருஷம் முறையா பெர்மிட் எடுத்து, லைசென்ஸ் உள்ள வழிகாட்டியோட காட்டெருமை வேட்டைக்கு போறான். .375ல ரெண்டு ரைஃபிள் பாத்து வச்சிருக்கான், ஒண்ணு 3.5 கிலோ, இன்னொண்ணு 4.2 கிலோ. கூட வேலை பாக்குறவரு .458 தான் சரின்னு சொல்றாராம். எத வாங்க சொல்லட்டும்?

4.2 கிலோவ வாங்க சொல்லுங்க தம்பி, .458 இப்ப வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையா படிங்க. .375, .458ங்கிற எண்ணெல்லாம் ஏறக்குறைய அங்குலத்துல குண்டோட தடிமன்.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 1912ல வந்த தோட்டா, இன்னைக்கும் ஆப்பிரிக்காவுல பல நாடுகள்ல பெரிய மிருகத்துக்கு குறைஞ்சபட்சம்னு வச்சிருக்கிற அளவு அது தான். குண்டு 300 கிரெயின், நம்ம கணக்குல 19.4 கிராம், விநாடிக்கு 770 மீட்டர் வேகத்துல போகுது, அது கூடவே நாலரை கிராம் சொச்சம் மருந்து எரிஞ்சு வாயுவா அதவிட வேகமா வெளிய பாயுது. முன்னாடி போறது எவ்வளவு உந்துதோ அதே அளவு துப்பாக்கி பின்னாடி வந்து தோள்ல இடிக்கும், இதுல யாரும் தப்பிக்க முடியாது. ஆனா எவ்வளவு வேகமா இடிக்குதுங்கிறது துப்பாக்கியோட எடைய பொறுத்தது. 3.5 கிலோ ரைஃபிள் விநாடிக்கு சுமார் 6 மீட்டர் வேகத்துல பின்னாடி வரும், உதை கிட்டத்தட்ட 64 ஜூல். 4.2 கிலோன்னா 5 மீட்டர், 53 ஜூல். 5 கிலோ அரிசிப் பைய 1.3 மீட்டர் உயரத்துலருந்து போடுறதுக்கும் 1.1 மீட்டர்லருந்து போடுறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்குங்க. நம்ம ஊர் வீடுகள்ல இருக்கிற 12 போர் ரெட்டைக்குழல் சாதாரண தோட்டாவுக்கு 25, 30 ஜூல் தான் உதைக்கும், அதுலயே தோள் சிவந்துபோன ஆளுங்கள நமக்கு தெரியும்.

இப்ப .458க்கு வாங்க. 1956ல வின்செஸ்டர் கொண்டு வந்தது, குண்டு 500 கிரெயின், அதாவது 32 கிராமுக்கு மேல. அத 4 கிலோ ரைஃபிள்ல போட்டா 79 ஜூல் வரும். அந்த 4.2 கிலோ .375 குடுக்கிற அதே உதைக்கு .458 வரணும்னா ரைஃபிள் கிட்டத்தட்ட 6 கிலோ இருக்கணும். 6 கிலோவ விடியக்காலையிலருந்து தூக்கிட்டு தடம் பாத்து நடக்க தம்பியால முடியுமான்னு கேளுங்க.

நான் சொல்ல வர்றது இது தான்: எடைய தாங்க முடியலன்னா தோட்டாவ ஒரு படி இறக்குங்க, அதே தோட்டாவுல லேசான துப்பாக்கிய தேடாதீங்க. கடைக்காரங்க "லேசு, தூக்கவே தெரியாது"ன்னு தான் விப்பாங்க, தூக்கத் தெரியாதது சுடும்போது நல்லாவே தெரியும். நான் அத அனுபவிச்சவன். வாடகைக்கு ஒருத்தர் குடுத்த .458, நாலு கிலோவுக்கும் கம்மி, மேல ஒரு ஸ்கோப், அதான் குறி பாக்குற தொலைநோக்கி, வேற கண்ணுக்கு ரொம்ப பக்கத்துல மாட்டியிருந்துச்சு. மொத சுடுலயே ஸ்கோப்போட விளிம்பு புருவத்துல பிறை நிலா மாதிரி வெட்டிருச்சு, ரத்தம் கண்ணுக்குள்ள இறங்கி எதிர்ல இருந்த குறி அட்டையே தெரியல. காயம் ஒரு வாரத்துல ஆறிருச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷம், எந்த ரைஃபிள எடுத்தாலும் ட்ரிகர அழுத்துறதுக்கு முன்னாடியே கண்ண இறுக்கி மூடிட்டு தோள முன்னாடி தள்ளுவேன், குண்டு கீழ போகும். பயம் உடம்புக்குள்ள போயிருச்சுன்னா வெளிய எடுக்கிறது லேசுல இல்ல. தம்பிக்கு அப்படி ஆகக்கூடாது, காயம் பட்டு புதருக்குள்ள போன காட்டெருமைய தேடிட்டு இன்னொருத்தர் உயிரப் பணயம் வச்சு உள்ள போகணும், அத நினைச்சுப் பாக்க சொல்லுங்க.

இன்னொண்ணு, கடையில சொல்ற எடை வெறும் ரைஃபிளோட எடையான்னு கேக்கணும். ஸ்கோப்பும் அத மாட்டுற இரும்பும் அரை கிலோ வரும், வார் ஒரு 150 கிராம், உள்ள நாலு தோட்டா போட்டா இன்னொரு 175 கிராம். 4.2ன்னு வாங்குனது தோள்ல ஏறும்போது 5 கிலோ. அதுக்கு மேல போக வேணாம். எடை ஏத்த ஏத்த லாபமும் குறையும், 3.5லருந்து 4 கிலோவுக்கு போனா 8 ஜூல் குறையுது, 4.8லருந்து 5.3க்கு போனா அதுல பாதி தான்.

வாங்குறதுக்கு முன்னாடி 5 கிலோ எடைய ஒரு பையில கட்டி தோள்ல போட்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாக்க சொல்லுங்க. தைப்பூசத்துக்கு நம்ம ஆளுங்க பழனிக்கு நடக்குறாங்கள்ல, அவங்கள கேட்டா தெரியும், கிளம்பும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்த பை மத்தியானத்துக்கு மேல என்ன கனம் கனக்கும்னு. எருமை எதிர்ல நிக்கிற நேரம் பெரும்பாலும் அந்த மத்தியானம் தான், அப்ப கை நடுங்கக் கூடாது.

பள்ளத்தூர் வாசகி: நான் 52 கிலோ தான் இருக்கேன். வீட்டுக்காரர் கூட தென்னாப்பிரிக்காவுல இருக்கேன், அங்க ரேஞ்ச்ல .375 சுட்டுப் பழகுறேன். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு உதை அதிகமா தெரியுமா? அஞ்சு கிலோ ரைஃபிள் வாங்கிடலாமான்னு யோசிக்கிறேன்.

அவசரப்படாதீங்க ஆச்சி. ஒல்லியான உடம்புன்னா அதிகமா அடிபடும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் பாத்த வரைக்கும் அப்படி இல்ல, உடம்பு இடிக்கு வளைஞ்சு குடுத்துச்சுன்னா போதும். தூண் மாதிரி விறைச்சு நிக்கிற பெரிய உடம்புக்காரர் தான் அதிகமா அடி வாங்குறாரு. அதனால பெஞ்சுல உக்காந்து, முழங்கைய ஊனி, மேசைய கட்டிப்பிடிச்சு சுடுறத நிறுத்துங்க, அங்க உடம்பு பின்னாடி போக வழியே இல்ல, மொத்த உதையும் தோள்பட்டை எலும்பு தான் வாங்கும். நின்னுக்கிட்டு, மூங்கில் கவட்டையில ரைஃபிள வச்சு சுடுங்க. ஒரு நாளைக்கு ஆறு தோட்டா, அதுக்கு மேல வேணாம், மிச்ச நேரம் .22ங்கிற சின்ன ரைஃபிள்ல பழகுங்க.

உங்களுக்கு நான் எடைய விட அளவ பாக்க சொல்வேன். கடையில வர்ற ரைஃபிளோட கட்டை, அதாவது தோள்ல வைக்கிற மரப்பிடி, பெரும்பாலும் உசரமான ஆம்பளைக்கு செஞ்சது. உங்க கைக்கு அது நீளம்னா, கட்டையோட அடிப்பக்கம் தோள் குழியில உக்காராம மேல் கையில போய் உக்காரும், அங்க படுற அடி நீலம் பாய்ஞ்சு ஒரு வாரம் நிக்கும். கண்ண மூடிட்டு ரைஃபிள தூக்கி தோள்ல வச்சு, அப்புறம் கண்ணத் தொறந்து பாருங்க. சைட் நேரா கண்ணுக்கு முன்னாடி இருந்தா கட்டை சரி. கழுத்த நீட்டியோ கன்னத்த தூக்கியோ தேட வேண்டியிருந்தா ஒரு நல்ல மரவேலைக்காரர்கிட்ட குடுத்து கட்டைய வெட்டி, அகலமான நல்ல ரப்பர் பேட் ஒட்டுங்க. எடை 4.2, 4.3 இருந்தா போதும், அந்த எடையும் ரெண்டு கைக்கு நடுவுல இருக்கணும். குழல் முனையில கனம் சேந்தா முனை தூக்குறது குறையும், ஆனா உங்க இடது கை சீக்கிரம் ஓஞ்சு போகும்.

கானாடுகாத்தான் வாசகர்: எங்க ஐயா காலத்து இங்கிலீஷ் ரெட்டைக்குழல் ரைஃபிள், .470ன்னு பொறிச்சிருக்கு, வளவுல பெட்டிக்குள்ள இருக்கு. தூக்கிப் பாத்தா ஏன் இவ்வளவு கனம்னு தெரியல. கட்டைய கொஞ்சம் செதுக்கி லேசாக்கி, புது ரப்பர் போட்டு வச்சுக்கலாமா?

தயவுசெஞ்சு உளி வைக்காதீங்க. உங்க கடிதத்த படிச்சதும் எனக்கு நெஞ்சு பதறுச்சு.

அந்தக் கனம் தெரியாம வந்த கனம் இல்ல, கணக்கு போட்டு வச்சது. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்னா 500 கிரெயின் குண்டு, அதுக்கு அந்தக் காலத்து ஆளுங்க பத்தரை, பதினோரு பவுண்டு ரைஃபிள் செஞ்சாங்க, நம்ம கணக்குல 5 கிலோவுக்கு கொஞ்சம் முன்ன பின்ன. .577க்கு 13 பவுண்டு, 900 கிரெயின் குண்டு போடுற .600க்கு 16 பவுண்டு, ஏழே கால் கிலோ! நான் உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன், .470லயும் .600லயும் துப்பாக்கி பின்னாடி வர்ற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், விநாடிக்கு ஐந்தரை மீட்டர் பக்கம். ஷாட்கன்னுக்கும் அவங்ககிட்ட ஒரு பழைய கணக்கு உண்டு, உள்ள போடுற சில்லு, அதாவது பொடிக்குண்டு, எடைய மாதிரி 96 மடங்கு துப்பாக்கி இருக்கணும்னு. ஒரு அவுன்ஸ் சில்லுக்கு 6 பவுண்டு துப்பாக்கி.

.470ங்கிற அளவு வந்ததுக்கே நம்ம நாடு தான் காரணம். முன்னாடி .450 தான் எல்லார் கையிலயும் இருந்துச்சு. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிளும் .450 அளவு தான், அந்த குண்டு கலகக்காரங்க கைக்கு போயிருமோன்னு பயந்து வெள்ளக்காரன் இந்தியாவுலயும் சூடான்லயும் .450 போரையே தடை பண்ணிட்டான், அதுக்கு பதிலா தான் .465, .470, .475ன்னு வரிசையா பரவுச்சு.

செதுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம். ரெட்டைக்குழல் ரைஃபிள்ல ரெண்டு குழலும் ஒரே இடத்துல அடிக்கணும்னு பட்டறையில சுட்டு சுட்டுப் பாத்து, நடுவுல ஆப்பு நகத்தி, ஈயம் ஊத்தி ஒட்டியிருப்பாங்க. சுடும்போது துப்பாக்கி எவ்வளவு அசையுதோ அதையும் சேத்து தான் அந்தக் கணக்கு. எடை மாறுச்சுன்னா அசைவும் மாறும், வலது குழலும் இடது குழலும் வேற வேற இடத்துல அடிக்க ஆரம்பிக்கும். கட்டையில ஏற்கனவே சிவப்பு ரப்பரோ தோல் போத்துன பேடோ இருந்தா அது காஞ்சு கல்லா போயிருக்கும், அத மட்டும் தெரிஞ்சவர் கையால மாத்திக்கலாம்.

லைசென்ஸ் ஐயா பேர்லயே நிக்குதான்னு மொதல்ல பாருங்க. வாரிசு பேருக்கு மாத்த கலெக்டர் ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு ஆயுதத்துக்கு மேல கிடையாது. அது முடியிற வரைக்கும் வீட்டுல வச்சுக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்டயோ ஒப்படைச்சிருங்க. தோட்டா மட்டும் கையில கிடைச்சாலும் பரிசோதிக்காம சுடாதீங்க.

கோட்டையூர் வாசகர்: குழல் முனையில ஓட்டை போட்ட பிரேக் மாட்டினா உதை நல்லா குறையுமாமே?

குறையும், எடைய ஏத்தாமலே நல்லாவே குறையும். ஆனா சத்தம் பக்கவாட்டுல திரும்பி உங்க காதையும் பக்கத்துல நிக்கிற தடம் பாக்குறவர் காதையும் கிழிக்கும். காட்டுல அவரு காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நடக்க முடியாது, அவரு காது தான் உங்க உயிர். நான் மாட்ட மாட்டேன்.

புதுவயல் வாசகர்: கட்டையில துளை போட்டு ஈயக்குண்டு நிரப்புறாங்களே, அது சரியா?

கைக்காசு கம்மியா இருந்தா நல்ல வழி தான். 250, 300 கிராம் தாங்கும். குண்டு ஆடாம மெழுகோ எபாக்ஸியோ ஊத்தணும், இல்லன்னா நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் கலகலன்னு சத்தம் கேட்டு மான் எருமை எல்லாம் ஓடிரும். 300 கிராமுக்கு மேல போட்டா பின்பக்கம் கனத்து முனை மேல எழும்பும்.

திருமயம் வாசகர்: வேட்டைக் கதை எழுதுன கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரி காட்டுல .405 வச்சிருந்ததா படிச்சேன். அது ரொம்ப உதைக்குமா? ஆட்கொல்லிப் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் என்ன வச்சிருந்தாரு?

.405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைஃபிள். 300 கிரெயின் குண்டு தான், .375 அளவு வேகம் கூட கிடையாது. ஆனா அதோட கட்டை அடிப்பக்கத்துல பிறை மாதிரி வளைஞ்ச இரும்புத் தகடு இருக்கும், ரெண்டு கொம்பும் தோள்ல குத்தும், அதனால கணக்குல வர்ற உதைய விட உடம்புல படுற உதை ஜாஸ்தி. எடைய மட்டும் பாத்து வாங்கக்கூடாதுங்கிறதுக்கு அந்த இரும்பு தான் எனக்கு தெரிஞ்ச நல்ல உதாரணம். கார்பெட்கிட்ட .450/400 ரெட்டைக்குழலும், ஏழு மில்லிமீட்டர் குண்டு போடுற .275 ரிக்பியும் இருந்துச்சு. அந்த .450/400 400 கிரெயின் குண்டு போடுறது, உதை .375 மாதிரி தான். ரெண்டுமே கையில அடங்குற துப்பாக்கி தான்.

கல்லல் வாசகர்: எங்க வயல்ல காட்டுப்பன்னி தொல்லை. லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, எந்த எடையில எந்த ரைஃபிள் நல்லது?

தம்பி, 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி நீங்களா சுடக்கூடாது, லைசென்ஸ் இருந்தாலும் தான். கடலைக்காட்ட பன்னி ஒரே ராத்திரியில உழுதுட்டு போற வேதனை எனக்கு தெரியும், எங்க நிலத்துலயும் நடந்திருக்கு. சேதத்த போட்டோ எடுத்து, விஏஓகிட்ட எழுதி வாங்கி, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல மனு குடுங்க. ரைஃபிள் எடைய அதுக்காக யோசிக்காதீங்க.