போடிமெட்டு இறக்கத்தில் இறுகிய ஸ்டியரிங்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, பூப்பாறைக்கு அருகே எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. போய்வருவதற்காகப் பழைய மாருதி ஜிப்சி ஒன்றை வாங்கியிருக்கிறேன். தோட்டப் பாதையில் சேறாக இருந்ததால் 4எச்-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில், போட்டு ஓட்டினேன். திரும்பும்போது மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. ஆனாலும் மலைப்பாதைதானே, நான்கு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே என்று மாற்றாமலேயே போடிமெட்டு வழியாக இறங்கினேன். பாதி வழியில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. வளைவுகளில் டயர் கிறீச்சிட்டது. ஊர் வந்து சேர்ந்ததும் குட்டி லீவர் 2எச்-க்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலைக்கு) வர மறுத்தது. கியர்பாக்ஸின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டி கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். தாங்கள் சொல்லும் அறிகுறிகள் மூன்றும் பழுதால் வருபவை அல்ல. காய்ந்த தார் ரோட்டில் 4எச்-இல் ஓட்டினால் எந்தப் பழைய ஃபோர் வீல் வண்டியும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும், பின் சக்கரங்கள் அதைவிடச் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஜிப்சியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,375 மில்லிமீட்டர் தூரம். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவை முழுதாகத் திரும்பினால் அது ஏறத்தாழ 15.7 மீட்டர் ஓடியிருக்கும்; முன் அச்சோ 17.4 மீட்டர் ஓடியிருக்கும். ஒரே வளைவில் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான வித்தியாசம் இது. 2எச்-இல் முன் சக்கரங்கள் தம் போக்கில் உருளுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. 4எச்-இல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். எப்போதும் நான்கு சக்கரத்திலேயே ஓடும்படி செய்யப்பட்ட வண்டிகளில் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள நடுவில் ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கும். ஜிப்சியில் அது கிடையாது. சேற்றிலோ மணலிலோ டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் ஷாஃப்ட்டுகளும் பல்சக்கரங்களும் பிழியப்பட்ட ஈரத்துணியைப் போல முறுக்கேறி நிற்கின்றன. ஸ்டியரிங்கில் தாங்கள் உணர்ந்தது அந்த முறுக்கைத்தான். கிறீச்சிட்டது, தாங்க முடியாமல் டயர் தாரில் தேய்ந்த ஓசை.

இடப்பக்க வளைவில் ஏறிய முறுக்கு வலப்பக்க வளைவில் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதிக தூரம் ஓடுவது முன் அச்சுதான். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே திசையிலேயே முறுக்கியிருக்கின்றன.

லீவர் வராததற்கும் காரணம் இதுவே. முறுக்கேறிய பற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். காலி மைதானம் ஒன்றில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, சில மீட்டர் மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். பின்னோக்கித் திரும்பும்போது முறுக்கு எதிர்த்திசையில் அவிழும். அந்த ஓட்டத்திலேயே கிளட்சை மிதித்தபடி லீவரைத் தள்ளினால், பெரும்பாலும் "டக்" என்ற சிறு ஓசையுடன் விழுந்துவிடும். மண்தரை கிடைத்தால் இன்னும் எளிது. இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் மட்டுமே மெக்கானிக் சொல்வதை யோசிக்கலாம்.

எந்த நிலையை எப்போது போடுவது என்று பலரும் கேட்கிறார்கள். மேடா, பள்ளமா, மழையா என்பதையெல்லாம் விட, சக்கரத்துக்கு அடியில் தரை நகர்ந்து கொடுக்கிறதா என்பதைப் பாருங்கள். தார் ரோடு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், மழையில் நனைந்திருந்தாலும் 2எச் போதும். சேறு, மணல், உதிரிக் கல், ஈரப் புல் ஆகியவற்றில் 4எச். 4எல் என்பது வேறு வகை; நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் தாழ் வேகத்தில். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் விகிதம் உயர் நிலையில் 1.409, தாழ் நிலையில் 2.268, அதாவது வேகம் குறைந்து, இழுவை ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. முதல் கியரில் ஐடிலில் விட்டால் வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போகும். பாறைப் படிகள், ஆழ்ந்த சேறு, செங்குத்தான மண் இறக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே அது வேண்டும். 4எல்-க்கு மாற்றுவதென்றால் வண்டியை முழுமையாக நிறுத்தி, கிளட்சை அழுத்தியே மாற்ற வேண்டும்.

நான்கு சக்கரம் இழுப்பதால் பிரேக் பிடிப்பு கூடிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வண்டிகளிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

கேள்வி: என்னுடையதும் பழைய ஜிப்சிதான். 4எச் போட்டும் பின் சக்கரம் மட்டுமே சேற்றில் சுற்றுகிறது. முன் கிரவுன் (முன் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி) போய்விட்டதாகச் சொல்லி ஒரு பட்டறையில் பெருந்தொகை கேட்கிறார்கள்.
– ஒரு விவசாயி, கோத்தகிரி

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் வண்டியிலிருந்து இறங்கி முன் சக்கரங்களின் நடுப்பகுதியைப் பாருங்கள். சில ஜிப்சிகளில் அங்கே கையால் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கும். அது "ஃப்ரீ" நிலையில் இருந்தால் உள்ளே ஷாஃப்ட் சுற்றினாலும் சக்கரத்துக்கு விசை போய்ச் சேராது. இரண்டு பக்கமும் "லாக்" நிலைக்குத் திருப்பிவிட்டு, மண் பாதையில் ஓட்டிப் பாருங்கள். சேற்றில் சிக்கிய பிறகு முழங்கால் அளவு சகதியில் குனிந்து அந்தக் குமிழைத் தேடியவர்கள், அடுத்த முறை தார் ரோடு முடியும் இடத்திலேயே திருப்பிவிடுவார்கள். வேறு மாடல் வண்டிகள் சிலவற்றில் இந்த வேலையை வாக்குவம் (காற்றை உறிஞ்சும் விசை) செய்கிறது. அவற்றில் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2012 மாடல் மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். முன்பக்கம் இரண்டு டயர்களை மட்டும் புதிதாக மாற்றலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: 2எச்-இல் மட்டுமே ஓட்டுவதானால் மாற்றலாம். ஃபோர் வீலில் போடுபவர் நான்கையும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் வைத்திருக்க வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால், முன்னும் பின்னும் அளவு மாறினால் வளைவே இல்லாத நேர் பாதையில்கூட மேலே சொன்ன முறுக்கு ஏறும். காற்றழுத்தத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஃபோர் வீலே போடாமல் வைத்திருந்தால் அந்தப் பாகங்கள் தேயாமல் இருக்குமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: தேயாது, ஆனால் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் 4எச்-இல் ஓட்டுங்கள். உள்ளே எண்ணெய் பரவும், லீவரும் இலகுவாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் கிரவுனுக்கும் தனித்தனியாகக் கியர் ஆயில் உண்டு என்பதைச் சர்வீஸில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் இறக்கி ஏற்றிய வண்டியானால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டும் எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்றிவிட வேண்டும்.