அரசுப் பொது சுகாதாரத் துறையில் புள்ளியியலாளர் வேலை எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்களைக் கூட்டிப் போடுகிற வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தது நிகழ்தகவும் மாதிரிக் கணக்கெடுப்பும். சேர்ந்த பிறகு என்னை அதிகம் அலைக்கழித்த கேள்வி வேறு: இந்தக் குழந்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சிசு மரண விகிதம் என்பது 1000 உயிர்ப்பிறப்புகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகளின் கணக்கு. 2020-ல், தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இறந்தே பிறந்த குழந்தை இதில் வராது. ஆனால் ஒரு மூச்சு விட்டாலும், தொப்புள்கொடி துடித்தாலும் அது உயிர்ப்பிறப்பு. அடுத்த நிமிடமே போய்விட்டால் சிசு மரணம்.

ஒருமுறை, எல்லாப் பரிசோதனைக்கும் தவறாமல் வந்த ஒரு தாயின் பெயருக்கு நேரே ‘இறந்து பிறப்பு’ என்று இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டேன். பதிவேட்டை விரித்து அந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஆஸ்பத்திரி சீட்டுல அப்படித்தான் மேடம் போட்டிருக்கு. ஆனா பிள்ளை ஒரு தடவை அழுதுச்சுன்னு அந்தப் பாட்டி சொல்லுச்சு.” பிரசவ அறைக் குறிப்பை வாங்கிப் பார்த்தோம். பிறந்த பிறகும் இதயத்துடிப்பு இருந்ததாகவே எழுதியிருந்தது. திருத்தினோம்.

திருத்தாமல் விட்டிருந்தால் அந்தச் சாவு சிசு மரணத் தணிக்கைக்கே வந்திருக்காது. வண்டி தாமதமா, மூச்சுத் திணறியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வட்டாரத்தில் வருடத்துக்கு 800 பிறப்பு, 10 மரணம் என்றால் விகிதம் 12.5. இப்படி ஒரு குழந்தை பிறப்பிலும் மரணத்திலும் கூடினால் ஏறக்குறைய 13.7. ஆய்வுக் கூட்டத்தில் ‘ஏன் ஏறியது?’ என்பார்கள். சின்ன வட்டாரத்தில் ஒன்றிரண்டு மரணத்திலேயே விகிதம் ஏறி இறங்கும், மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். இதற்காகச் செவிலியரைத் திட்டினால், அடுத்த குழந்தையும் ‘இறந்து பிறப்பு’ ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது. இரண்டு ஊரிலும் எழுதிவிடுவார்கள், அல்லது அந்த ஊரில் எழுதியிருப்பார்கள் என்று இரண்டு ஊரிலும் விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிக்கு ஒரே பிக்மி எண் (அரசின் கர்ப்பகாலக் கணினிப் பதிவு எண்) என்று வந்த பிறகு தேடிப் பிடிப்பது சுலபமாகியிருக்கிறது.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். பதிவேட்டில் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் செவிலியர் எத்தனை முறை எழுந்து போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.