பாலாறும் பார்ட் ஒன் பேப்பரும்

அன்புள்ள ஐயா,

ஆம்பூர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. எங்களுக்கு நான்கு செமஸ்டர் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம். அதற்கு மேல் அல்லைடு, சுற்றுச்சூழல், வேறு துறையிலிருந்து ஒரு நான்-மேஜர் எலக்டிவ். வேதியியல் படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? அந்த நேரத்தில் கோடிங் கற்றால் வேலையாவது கிடைக்கும். ராமானுஜனையே மற்ற பாடங்கள்தானே ஃபெயிலாக்கின? பல துறைகளையும் தொட்டுப் படிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். காசு உள்ளவர்களுக்கு அது சரி.

ச.

அன்புள்ள ச.,

ராமானுஜன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கும்பகோணத்தில் உதவித்தொகை போனதும், பிறகு சென்னையில் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய அந்தக் காலத் தேர்வு) தேறாததும் கணிதம் அல்லாத பாடங்களால்தான். எல்லாவற்றிலும் பாஸானால்தான் மேலே விடுவேன் என்கிற தேர்வுமுறையை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் நீங்களும் நானும் ராமானுஜன் இல்லையே.

உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலும் குரோமியம். பட்டையில் இருக்கும் டானின் தோலுக்குள் ஊற நாள் பிடிக்கும், குரோமியம் சீக்கிரம் வேலையை முடித்துவிடும் என்று உங்கள் பாடநூல் சொல்லும். சரி, 1970களுக்குப் பிறகு அது ஏன் அவ்வளவு பரவியது? அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலாகவும் ஷூவாகவும் அனுப்பினால் டாலர் அதிகம் வரும் என்பது கணக்கு. உங்கள் அப்பா வேலை செய்வது போன்ற கம்பெனிகள் பெருகியதில் அந்தக் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் கழிவால் பாலாற்றுக்கு வந்த கேட்டிலும்தான். இந்தப் பாதி பொருளியல் துறையில் இருக்கிறது, உங்கள் லேபில் கிடைக்காது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கு. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் ஆய்வு. சுற்றுச்சூழல் பற்றிய 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1992 ரியோ மாநாடு. உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. பழைய ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் கூட வருகிறார். இந்தத் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதையும் தீர்ப்பு மறுக்கவில்லை. இத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்று நீதிமன்றம் சொன்னது. எந்த ஒரு துறையும் தனியாக எழுதியிருக்க முடியாத தீர்ப்பு.

வேதியியல் மட்டும் தெரிந்தவர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) இவ்வளவு என்று ஒரு எண்ணைக் கொடுப்பார். அந்த எண், கிணறு உப்பாகிப்போன விவசாயிக்கும் கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கும் புரியும்படி யாராவது எழுத வேண்டும். தமிழ்ப் பேப்பரின் வேலை அங்கே இருக்கிறது. நோட்ஸ் சொல்லி எழுதவைத்து, பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்யவைத்தால் அந்தத் திறமை வராது என்பதும் தெரியும். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதைச் சொல்லித்தரும் விதத்தின் மேல் காட்டுங்கள், பாடத்தை ஏன் திட்டுகிறீர்கள்?

காசு விஷயம். லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், உண்மை. உங்கள் கல்லூரியிலோ பார்ட் ஒன், பார்ட் டூ என்று அதற்கு வேண்டியது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, குறைந்த ஃபீஸில். நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் எஃப்.ஏ. படித்துவிட்டுச் சென்னைக்குப் போன, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்ததற்கு, உறவினர் படித்து முடித்த புத்தகங்கள் சும்மா கிடைத்ததுதான் காரணம் என்பார்கள். அந்த வயதில் முடிவுகள் அப்படித்தான் அமைகின்றன. அவருக்குப் புத்தகம், நமக்குக் கட்-ஆஃப். மற்ற பேப்பர்கள் இருப்பதால், வேறு எதாவது நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு வாய்ப்பாவது மிஞ்சுகிறது.

எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். மோல் கணக்குப் போடத் தெரியாமல் பாலாறு பற்றி மைக் பிடிப்பவர்கள் ஏற்கெனவே நிறைய. மேஜரில் கை வைத்துவிடாதீர்கள்.

எலக்டிவ் எடுக்கும்போது சுலபமாக மார்க் வருவதைப் பார்க்காமல், பொருளியலோ அரசியல் அறிவியலோ கேளுங்கள். அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு அந்தந்தத் துறை ஆசிரியரிடம் போய் நில்லுங்கள். கோடிங்கையும் விடவேண்டாம். கிணறு வாரியாக, வருடம் வாரியாக டிடிஎஸ் அளவுகளைப் போட்டுப் பார்க்க அதுவும் வேண்டியிருக்கும்.