அம்மாவின் எட்டரை மணி

அன்புள்ள ஐயா,

உடுத்துறை சுனாமி நினைவாலயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 2004 டிசம்பர் 26 அன்று என் அம்மா உடுத்துறையில் இருந்தார். பெரியம்மா பருத்தித்துறையில். கடல் வந்தபோது எட்டரை தாண்டியிருக்கும், ஒன்பதாகவில்லை என்று அம்மா சொல்வார். ஒன்பது அடித்த பிறகுதான் வந்தது என்று பெரியம்மா சாதிப்பார். ஒவ்வொரு ஆண்டும் இதே சண்டை. ஊரவர்கள் சேர்ந்து வெளியிடும் நினைவு மலருக்காக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அஞ்சலி 9.25க்கு நடப்பதால் நேரத்தை 9.25 என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். நினைவு நம்பத்தக்கதல்ல என்று உளவியலாளர்களே நிறுவியிருக்கிறார்கள் அல்லவா?

எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். அன்று நெல்லியடியில் கணித வகுப்பில் இருந்தேன், மதியம் வரை எதுவும் தெரியாது. அன்று எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லக் கூசுகிறது. நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடற்கரை எச்சரிக்கைக் கோபுரங்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

ச.

அன்புள்ள ச.,

திருத்தினீர்களா? யாரைக் கேட்டுத் திருத்தினீர்கள்?

கோபுரங்களைப் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே சம்பளம் வாங்குகிறார்கள். எனக்கு உங்கள் அம்மாவின் எட்டரை மணிதான் முக்கியம். இந்த நேரக் கணக்கு கொஞ்ச நாளாக என் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா சொன்னது சரி. பெரியம்மா சொன்னதும் சரி. இரண்டு பேரையும் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டு நேரம் இருந்தது. பதினைந்து வயதில் அங்கேயே வாழ்ந்த உங்களுக்கு இது எப்படி மறந்துபோனது?

1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் படுத்துவிட்டன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசு மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. பருத்தித்துறை இராணுவத்திடம், உடுத்துறை புலிகளிடம். நடுவே நாகர்கோவிலில் முன்னரங்கு. ஒரே மாவட்டம், ஒரே கடல், அரை மணி வித்தியாசம்.

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் போய் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆண்கள் செய்யும் முதல் வேலை கைக்கடிகாரத்தின் குமிழை இழுத்துத் திருகுவது. திரும்பி வரும்போது மறுபடியும் திருகுவார்கள். இரு பக்கமும் அலுவல் உள்ளவர்கள் "பத்து மணிக்கு வாருங்கள்" என்று சொன்னால், "எந்தப் பத்து?" என்று கேட்டுக்கொள்வது சாதாரணம். திருமணப் பேச்சுக்காக அங்கே போன என் உறவினர் ஒருவர் குமிழைத் திருக மறந்து அரை மணி முன்னதாகப் போய் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று பெண் வீட்டில் கதைத்தார்களாம். அது கிடக்கட்டும்.

சுமத்திரா நிலநடுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பருத்தித்துறையில் காலை 6.58, உடுத்துறையில் 6.28. அலை வந்த நேரத்திலும் அதே அரை மணிதான் இடிக்கும். ஒரு வீட்டில் எட்டரை தாண்டியிருக்கும், மற்ற வீட்டில் ஒன்பது தாண்டியிருக்கும். உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் இத்தனை ஆண்டுகளாக ஒரே கணத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறார்கள். இருவருமே துல்லியமான சாட்சிகள். நீங்கள் வந்து இருவர் நேரத்தையும் அழித்துவிட்டு அரசாங்கத்தின் நேரத்தை அம்மாவின் வாயில் வைத்திருக்கிறீர்கள்.

அந்த 9.25ஐயும் கொஞ்சம் பார்ப்போம். ஆண்டுதோறும் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25இலிருந்து 9.27 வரை நாடு முழுவதும் மௌனம். அந்த நேரத்தை 2004இல் தென்னிலங்கையில் ஓடிய அரச கடிகாரத்திலிருந்து எடுத்திருந்தால், 2005 அஞ்சலி சரியான நேரத்தில் நடந்தது. 2006இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை. அன்றைய 9.25 இன்றைய கடிகாரத்தில் 8.55. அப்படியானால் சூரியன் அரை மணி மேலே ஏறிய பிறகுதான் நாம் ஒவ்வொரு ஆண்டும் எழுந்து நிற்கிறோம். அஞ்சலிக்கு நேரம் பொருட்டல்ல என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். சாட்சியத்துக்குப் பொருட்டு. இன்று நம் எல்லோருடைய கடிகாரமும் காட்டுவது உங்கள் அம்மா அன்று பார்த்த நேரத்தைத்தான். இருக்கிறவர்களில் திருத்தமே தேவைப்படாதவர் அவர் ஒருவர். அவரைப் பிடித்துத் திருத்தியிருக்கிறீர்கள்!

உளவியலாளர்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கு மறுநாள் அமெரிக்க மாணவர்களிடம் எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கி, இரண்டரை ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார் உல்ரிக் நைசர். கால்வாசிப் பேர் முழுக்கப் பிழையாகச் சொன்னார்கள். உண்மை. ஆனால் அவர்கள் செய்தி கேட்டவர்கள். அதே நைசரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1989 கலிபோர்னியா நிலநடுக்கத்தைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். நிலம் ஆடியதை உடம்பால் உணர்ந்தவர்கள், நெடுநாள் கழித்துக் கேட்டபோதும் ஏறக்குறையப் பிசகாமல் சொன்னார்கள். தூரத்தில் அட்லாண்டாவில் செய்தி கேட்டவர்கள்தான் தடுமாறினார்கள். அம்மா எந்தப் பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதி ஆராய்ச்சியை வாசித்துவிட்டுப் பெற்ற தாயை மடக்காதீர்கள், பிள்ளை.

தடுமாறக்கூடியவர்கள் நீங்களும் நானும்தான். அதனால் கூச்சத்தை மூட்டை கட்டிவிட்டு, கணித வகுப்பை எழுதி வையுங்கள். என்ன பாடம், பக்கத்தில் யார் இருந்தார், யார் வந்து சொன்னார், அதற்கு முன் எதற்குச் சிரித்தீர்கள், எல்லாம். எழுதாமல் விட்டால் இன்னும் பத்து ஆண்டில் நீங்களே கடற்கரையில் நின்றதாகச் சொல்லத் தொடங்குவீர்கள். அப்படிச் சொல்பவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கூட நிற்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

நான் எங்கே இருந்தேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரவெட்டியில், வீட்டில் திருவலையில் உட்கார்ந்திருந்தேன். திருவெம்பாவை நாட்கள், வீட்டில் மரக்கறிதான். சொதிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து காயப்பட்டவர்களை மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் வந்து, ஆசனத்தைக் கழுவ வாளி கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். மணற்காட்டுப் பக்கத்து வெள்ளை மணல், கழுவக் கழுவ ஆசனத்தின் தையல்களிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவர் எதுவும் பேசவில்லை. நான் இரண்டாவது வாளியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மிச்சப் பாதித் தேங்காயையும் திருவி முடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் அம்மா இரண்டு பாதியும் வேண்டும் என்றிருந்தார். கை அதைத்தான் செய்தது.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். அம்மா சொன்ன நேரத்தை அப்படியே போடச் சொல்லுங்கள். பக்கத்தில் "பழைய நேரம்" என்று இரண்டு சொல். பெரியம்மாவிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதில் "புதிய நேரம்". அச்சாகிவிட்டது என்றால் ஒரு துண்டுக் கடதாசியில் திருத்தம் அடித்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள், செலவை நான் தருகிறேன். அம்மாவிடம் இதையும் கேளுங்கள்: எட்டரை என்று எதில் பார்த்தார், சுவர்க் கடிகாரத்திலா, கைக்கடிகாரத்திலா, அல்லது வானொலியில் கேட்டதா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள்.