பிரிண்டர் அடிக்கடி காணாமல் போவது ஏன்?

கேள்வி: பிரிண்டருக்கு 192.168.1.105 என்று நிலையான ஐ.பி. முகவரி கொடுத்திருக்கிறேன். ஆனாலும் சில நாள்களில் 'ஆஃப்லைன்' என்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் கொடுத்த எண் ரவுட்டருக்குத் தெரியாது. அதன் டி.எச்.சி.பி. வரம்பு (சாதனங்களுக்கு அது தானாகக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண்) 100 முதல் 199 வரை என்றால், பிரிண்டர் அணைந்திருக்கும்போது 105-ஐ ஏதாவதொரு போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பிறகு இரண்டும் ஒரே முகவரிக்கு மல்லுக்கட்டும்.

ரவுட்டரின் லேன் அமைப்பில் வரம்பைப் பார்த்து, அதற்கு வெளியே ஓர் எண்ணை, 192.168.1.20 போல, கொடுங்கள். (192.168.1.1-ஐத் தொடாதீர்கள், பெரும்பாலும் அது ரவுட்டருடையது.) கணினியில் பிரிண்டர் போர்ட்டிலும் (பிரிண்டரின் முகவரியைக் குறித்திருக்கும் இடம்) புது எண்ணை மாற்ற வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான்.

என்னைக் கேட்டால், பிரிண்டரைத் தானியங்கி முகவரிக்கே விட்டுவிட்டு, ரவுட்டரின் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் அதன் மேக் முகவரியோடு (சாதனத்துக்கே உரிய அடையாள எண்) ஐ.பி. எண்ணைப் பிணைப்பதே மேல். போன்களுக்கும் இப்படிச் செய்வதென்றால், அவற்றில் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் மேக்' வசதியை அந்த வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.