ஈரம் காய ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் ஓவிய வகுப்பு நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. தாள், வண்ணம், தூரிகை எல்லாம் நாங்களே தருகிறோம். முதல் வாரம் இருபத்தைந்து பேர் வந்தார்கள். இப்போது ஏழு பேர். மிக நன்றாக வரைந்துகொண்டிருந்த ஒரு பெண் ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டாள். ஒருநாள் மூன்று வயதுத் தம்பியையும் கூட்டிவந்தாள். மற்றவர்களின் கவனம் சிதறியதால் அடுத்த முறை தனியாக வரச் சொன்னோம். அவள் பாதியில் விட்ட படம் எங்களிடம்தான் இருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது என்கிறார் நண்பர் ஒருவர். கலைக்கல்லூரிப் பேராசிரியரான இன்னொருவரோ, திறமை இருப்பவன் எப்படியும் மேலே வந்துவிடுவான், கதவை அகலத் திறந்தால் தரம்தான் கெடும் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை உங்களை அறியாமலே நீங்களே எழுதிவிட்டீர்கள். தம்பியைக் கூட்டிவராதே என்று அவளிடம் சொன்னது எந்த வாரம்? ஐந்தோ ஆறோ என்று ஊகிக்கிறேன். பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் அந்தக் குழந்தை அவள் பொறுப்பாக இருக்கும். தம்பி இல்லாமல் வா என்றால் அவள் காதில் 'வராதே' என்றுதான் விழும். இதில் இலவசத்தின் அருமை எங்கே வந்தது?

இன்னொன்று. வரைந்த படத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்களா? ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறையில் ஈரமான படத்தை எங்கே காயவைப்பது? தரையில் வைத்தால் மிதிபடும், கட்டில் இருந்தால் அதில் ஆள் இருக்கும். வண்ணம் ஒட்டிய போர்வைக்காக ஒரு பிள்ளை அடி வாங்கியிருந்தால் அதற்கு மறுவாரம் தூரிகை பிடிக்க மனம் வருமா?

பேராசிரியருக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைக்கல்லூரியின் மாணவர் சேர்க்கைக் குழுவில் வெளியாளாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் பள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். முன்பக்கங்களில் கணக்குப் பாடம். பின்னாலிருந்து திருப்பினால் நீலப் பேனாவில் கைகள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகள், நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் மோதிரம் இறுகிச் சதை பிதுங்கியிருந்தது. முகமே இல்லையே என்றேன். "பார்த்தால் முகம் திரும்பிக்கொள்ளும் சார், கை திரும்பாது" என்றான்.

அடுத்து வந்த பெண்ணின் படங்கள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டுக் கறுப்பு உறைக்குள் வரிசையாக இருந்தன. நல்ல படங்கள்தான். பிடித்த ஓவியர்கள் யார் என்று கேட்டதும் மூன்று பெயர்களைச் சொன்னாள். அதே கேள்விக்குப் பையன் தரையைப் பார்த்திருந்தான். அவன் தாளில் 'தயாரிப்பு போதாது' என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

சித்திரம் கைப்பழக்கம் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். தேர்வறைக்குள் நுழைந்ததும் அதையே பிறவி வரம்போல எடைபோடுகிறோம். பழக்கத்துக்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், தவற்றைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். இவற்றை வீட்டிலேயே பெற்றவரின் பெயர் 'திறமைசாலி'. அமெரிக்க இசைக்குழுக்கள் பலவற்றில் 1970களிலிருந்து வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரை முகத்தை மறைக்கும். பத்து வருடம் வீடு தேடி வந்த வாத்தியாரை மறைக்குமா?

எனக்குப் பிடித்த முன்னுதாரணம் அகஸ்டா சாவேஜ் என்ற கறுப்பினச் சிற்பி. பிரான்சின் ஃபோன்டென்ப்ளோவில் அமெரிக்க மாணவர்களுக்காக நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளியில் 1923இல் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு இடம் மறுத்தார்கள். 1937இல் நியூயார்க்கின் ஹார்லெமில் அரசு உதவியோடு ஒரு சமூகக் கலை மையம் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞன் பள்ளியைப் பாதியில் விட்டுக் கூலி வேலைக்குப் போனவன். அரசு அப்போது ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையவைத்துக்கொண்டிருந்தது. சாவேஜ் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட அழைத்துப்போனார். இருபத்தொரு வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வயது நிறைந்ததும் மறுபடி அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார். 1940-41இல் லாரன்ஸ் வரைந்த அறுபது படங்களின் வரிசையில், தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்களின் கதை இருக்கிறது. சாவேஜ் பாடம் சொல்லிக்கொடுத்ததைவிட, ஒரு வருடம் கழித்தும் அந்தப் பையனை ஞாபகம் வைத்திருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "எப்படியும் மேலே வந்துவிடுவான்" என்பவர்கள் இந்த இரண்டாவது நடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே, வகுப்பு நேரத்தைப் பிள்ளைகளைக் கேட்டு வையுங்கள்; காலை ஒன்பது உங்களுக்கு வசதியான மணியாக இருக்கலாம். அறையில் குறுக்கே ஒரு கொடி கட்டி, ஈரப் படங்கள் அங்கேயே காயட்டும். பெற்றோர் "இதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், அது நியாயமான கேள்வி. துணி வடிவமைப்பு, அச்சுப் பக்க அமைப்பு, மேடை விளக்கு, அனிமேஷன் என்று இருக்கும் வேலைகளைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். பேராசிரியரிடம், சேர்க்கை நாளில் எல்லோருக்கும் ஒரே தாளும் கரித்துண்டும் கொடுத்து, அவர் கண்முன்னே ஒரு பகல் முழுக்க வரையவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தரம் கெடுகிறதா என்று அப்புறம் பேசலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பிள்ளைகளிடம் "உன் கஷ்டத்தை வரை" என்று கேட்காதீர்கள். உதவி செய்பவர்களுக்கு அந்த ஆசை சீக்கிரம் வந்துவிடும். அவள் யானை வரையட்டும், ராக்கெட் வரையட்டும். வசதியான வீட்டுப் பிள்ளையிடம் யாரும் துயரச் சான்றிதழ் கேட்பதில்லை.

அந்தப் பாதிப் படத்தை இந்த வாரமே அவள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். தம்பிக்கும் ஒரு தாள் தனியாக இருக்கட்டும்; மெழுகு வண்ணம் போதும், காயவைக்க வேண்டியதில்லை.

அன்புடன்.